பொன்மானும் ச்சா செய்னும்: ரங்கூனில் ஒரு டீக்கடை

திண்டுக்கல்லில் 22 ஆண்டுகள் டீக்கடை நடத்தி, முழங்கால் ஒத்துழைக்க மறுத்த பிறகு கல்லாவை மகனிடம் கொடுத்தவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் பாய்லர் இருக்கும் இடத்தைத்தான் கண் தேடும். 2017 ஜனவரியில் ஆறு நாள் ரங்கூன் போனபோதும் அப்படித்தான். அரசாங்கப் பெயர் யாங்கூன். எங்கள் தெருவில் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் எல்லாரும் ரங்கூன் என்றே சொன்னதால் எனக்கும் அதுவே வாயில் நின்றுவிட்டது. அங்கே அனோரதா சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்த டீக்கடையில் நான்கு காலைகள் உட்கார்ந்தேன். பலகை பர்மிய எழுத்தில் இருந்ததால் கடையின் பெயர் கடைசிவரை எனக்குத் தெரியாது.

உட்காருவதே முதல் சிக்கல். பிளாஸ்டிக் முக்காலி முழங்கால் உயரம்கூட இல்லை. என்னைப் போன்றவர்கள் சுவரோரமாக இடம் பிடிப்பது நல்லது, எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ளலாம்.

மேஜை மேல் ஒரு ஃபிளாஸ்க்கில் பச்சைத் தேநீர், பக்கத்தில் கைப்பிடியில்லாத சின்னக் கோப்பைகள், ஒரு தட்டில் சமோசாவும் எண்ணெய்ப் பலகாரங்களும் இருந்தன. யாரோ சாப்பிட்டு மீதம் வைத்தது என்று நினைத்துப் பத்து நிமிடம் பசியோடு உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் புரிந்தது: பச்சைத் தேநீருக்குக் காசில்லை, எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். பலகாரத்தில் நாம் எடுத்ததை மட்டும் கணக்கிட்டு வாங்கிக்கொள்கிறார்கள். வாடிக்கையாளர் கைக்கெட்டும் இடத்தில் முழுத் தட்டை வைத்துவிட்டுப் போகும் துணிச்சல் எனக்கு 22 ஆண்டுகளில் ஒரு நாளும் வந்ததில்லை.

ஆளைக் கூப்பிடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். உதட்டைக் குவித்து, முத்தம் கொடுப்பது போல ஓர் ஓசை. பக்கத்து மேஜைக்காரர் முதன்முறை அதைச் செய்தபோது நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். நம் ஊரில் செய்தால் பல் மிஞ்சாது. அங்கே அது 'தம்பி, ஒரு டீ' என்பதற்குச் சமம்.

இனி டீ. கருஞ்சிவப்பாகும்வரை கொதித்த டிக்காஷன். கறந்த பாலுக்குப் பதிலாக டப்பாவில் வரும் கண்டென்ஸ்டு மில்க்கும், சர்க்கரை சேராத சுண்டிய டப்பாப் பாலும். இந்த இரண்டு பாலின் அளவை மாற்றி மாற்றித்தான் வகை பிரிக்கிறார்கள். 'ச்சோ செய்ன்' என்றால் இனிப்பும் பாலும் தூக்கல். இரண்டாவது மடக்கிலேயே திகட்டிவிட்டது. 'ச்சா செய்ன்' என்றால் டிக்காஷன் தூக்கல், கூடவே பாலின் கொழுப்பு. சாதாரண டீக்கு அவர்கள் சொல்லும் சொல் என் காதில் 'பொன்மான்' என்றே விழுந்தது. காலை ஆறு மணிக்கு இருபது பேர் பொன்மான் கேட்கிற கடை உலகத்தில் வேறெங்கே இருக்கும்! என் ஓட்டு ச்சா செய்னுக்குத்தான். அடி நாக்கில் துவர்ப்பு நிற்கிறது, மேலே மெல்லிய ஆடை கட்டுகிறது. அப்போது விலை 400 சாட். (கியாட் என்று எழுதினாலும் சாட் என்றுதான் சொல்கிறார்கள். ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 20 சாட் கிடைத்தது.)

ஒரு குறை: கோப்பை சிறியது. நாலு மடக்கில் தீர்ந்துவிடும். ஆனால் யாரும் தீர்ப்பதில்லை. ஒரு டீயை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுகிறார்கள், நடுநடுவே இலவசத் தேநீரை ஊற்றிக்கொள்கிறார்கள், முதலாளியும் முகம் சுளிப்பதில்லை. வியாபாரியாக எனக்கு வயிறு எரிந்தது. பயணியாக மிகவும் பிடித்திருந்தது.

சாப்பாட்டில் மொஹிங்காவை விட்டுவிடாதீர்கள். கெளுத்தி மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ், வாழைத்தண்டு, மேலே நொறுக்கிய பருப்பு வடை. காலையில் மீனா என்று தயங்கினேன். வாழைத்தண்டைப் பார்த்ததும் தயக்கம் போனது. சமோசாவைக் கத்தரிக்கோலால் வெட்டி, முட்டைக்கோஸ், வெங்காயம், புதினா போட்டுப் பிசைந்து தருவது 'சமூசா தோ'. 'அதோ' என்றால் பிசைந்தது. சென்னை பர்மா பஜார் பக்கம் கிடைக்கும் அத்தோ இந்தச் சொல்தான். பக்கத்துத் தள்ளுவண்டியில் தோசை சுடுகிறார்கள், 'தோஷே' என்று பெயர், மேலே தக்காளியும் வேகவைத்த பயறும். பரோட்டா அங்கே 'பலாத்தா'. எல்லாம் நம் வீட்டுப் பிள்ளைகள் போலத்தான் இருக்கின்றன, பேச்சு மட்டும் மாறியிருக்கிறது. லப்பே என்கிற ஊறவைத்துப் புளித்த தேயிலையை, வறுத்த பருப்பு, எள், வேர்க்கடலையோடு தின்னக் கொடுத்தார்கள். டீ விற்றுப் பிழைத்த நான், தேயிலையை மென்றது அன்றுதான் முதல் தடவை. துவர்ப்பு, புளிப்பு, கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு. இரண்டாம் கரண்டியில் பழகிவிடும். இரவில் தூக்கம் வராது.

மூன்றாம் நாள் எதிரில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். எண்பது வயதிருக்கும். கடையில் கைலியை மடித்துக் கட்டியிருந்த ஒரே ஆள் நான். அதை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

"தம்பிக்குத் தமிழ்நாடா?"

"ஆமாம் ஐயா. நீங்கள் இங்கேயேவா?"

"1942-இல் எல்லாரும் நடந்து போனார்கள், எங்கள் அப்பா போகவில்லை. 1964-இல் கப்பலில் போனார்கள், அப்போதும் போகவில்லை. இருந்துவிட்டோம்."

ஜப்பான்காரன் குண்டு போட்டதையும், கடைகளை அரசு எடுத்துக்கொண்டதையும் இரண்டு வரியில் முடித்துவிட்டு டீயைக் குடித்தார். பிறகு என்ன கிழமை பிறந்தேன் என்று கேட்டார். புதன் என்றேன். "காலையா, பிற்பகலா?"

பர்மியருக்கு இது முக்கியம். ரங்கூனின் பெரிய பௌத்தக் கோயிலான ஷ்வேடகோனைச் சுற்றி எட்டுத் திசைக்கு எட்டு மூலை. அவரவர் பிறந்த கிழமைக்குரிய மூலையில் புத்தர் சிலைக்கு நீர் ஊற்ற வேண்டும். ஏழு கிழமையை எட்டாக்க, புதனை இரண்டாக வெட்டிவிட்டார்கள். காலையில் பிறந்தவருக்கு அடையாள விலங்கு தந்தமுள்ள யானை, தெற்கு மூலை. பிற்பகலென்றால் ராகு, தந்தமில்லாத யானை, வடமேற்கு. நாம் ராகுவுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். இவர்கள் அரை நாளையே கொடுத்திருக்கிறார்கள். அக்காவுக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்டேன். "பால் கறக்கிற நேரத்தில் பிறந்தாய் என்று அம்மா சொல்லுவாள்" என்றாள். எந்த வேளைப் பால் என்று அவளுக்கும் தெரியவில்லை. இரண்டு மூலையிலும் ஊற்றிவிட்டு வந்தேன். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் அப்போது 8000 சாட், அதாவது இருபது டீ. காலுறைகூடக் கூடாது, நண்பகலில் பளிங்குத் தரை சுடும், மாலையில் போங்கள்.

கடைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்க மாட்டேன். இரண்டாம் நாள் நான் தொடாத இரண்டு சமோசாவைக் கணக்கில் சேர்த்தார்கள். சுட்டிக்காட்டியதும் கழித்தார்கள், அது பெரிதில்லை. பரிமாறிய பையனுக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயதுக்குமேல் இராது. ஒரே நடையில் ஆறு கோப்பை தூக்குவான், எந்த மேஜையில் யார் எத்தனை தின்றார்கள் என்பது தலைக்குள்ளேயே இருக்கும். சுற்றுலா வந்தவர்கள் அவனைப் படம் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். நானும் அந்த வயதில் மாமா கடையில் கிளாஸ் கழுவியவன். விரலிடுக்கில் புண் ஆறாமல் இருந்தது மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது. நான் படம் எடுக்கவில்லை. மூன்று நட்சத்திரம், டீக்கு மட்டும் தனியாகக் கேட்டால் ஐந்து.

போகிறவர்களுக்கு: நகருக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தடை, ஆனால் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும், கடக்கும்போது தவறான திசையைப் பார்த்துவிடாதீர்கள். போஜோ சந்தைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அந்த நாடு வேறாகிவிட்டது, நான் சொன்ன விலைகளை இன்று நம்ப வேண்டாம்.

கடைசி நாள் மாஸ்டரிடம் போய், நானும் இதே தொழில்தான் என்று காற்றில் டீ ஆற்றிக் காட்டினேன். சிரித்துக்கொண்டே குவளையை என் கையில் கொடுத்தார். பழக்க தோஷத்தில் ஒரு முழத்துக்கு மேல் தூக்கி ஆற்றினேன். மொத்தக் கடையும் பார்த்தது. ஆற்றிய டீயை மாஸ்டர் அந்தப் பையனிடம் நீட்டினார். அவன் ஒரு வாய் குடித்துப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், டப்பாவைச் சாய்த்து இன்னும் கொஞ்சம் பால் ஊற்றிக்கொண்டான்.