விடுதலைப் பிரகடன நகல்: தாளுக்கு ஒரு நட்சத்திரம், வாசகத்துக்கு நாலு

வாங்கிய பொருள், அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன் 1863 ஜனவரி 1 அன்று கையெழுத்திட்ட அடிமை விடுதலைப் பிரகடனத்தின் நகல். ஒரே தாள், சுருட்டி அட்டைக் குழாயில் போட்டுத் தருகிறார்கள். வாஷிங்டனில் ஒரு நினைவுப் பொருள் கடையில் வாங்கினேன். கடைப் பெயர் வேண்டாம், அந்தப் பக்கம் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் இதே சரக்குதான். வரியோடு சேர்த்துப் பத்து டாலரைக் கொஞ்சம் தாண்டியது.

முப்பது வருடத்துக்கு மேல் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற பழக்கம் விடவில்லை. அதனால் குறையிலிருந்தே தொடங்குகிறேன்.

பழசு என்று காட்டுவதற்காகத் தாளைப் பழுப்பாக்கி, ஓரங்களைத் தீயில் கருகியதுபோல் செய்திருக்கிறார்கள். கையில் எடுத்தால் அப்பளம் மாதிரி மொரமொரக்கிறது. கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கறைகளும் அச்சடித்தவைதான். இடது மேல் மூலையில் இருக்கிற அதே கறை, அதே வளைவோடு, வலது கீழ் மூலையிலும் இருக்கிறது. தலைப்பில் ஒரு கழுகு, நடுவில் லிங்கன் முகம், சுற்றிலும் கொடி வளைவுகள்.

அசல் இப்படி இல்லவே இல்லை. வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் மூலப் பிரதி ஐந்து பக்கம். அரசு எழுத்தர் ஒருவர் படமும் பூவும் இல்லாமல் எழுதியது. சிவப்பும் நீலமுமாகக் குறுகலான ரிப்பன் கோத்துக் கட்டி, கையெழுத்துப் பக்கத்தில் முத்திரை பதித்திருக்கிறார்கள். ரிப்பன் பெரும்பாலும் மிச்சம் இருக்கிறது, முத்திரை பாதி தேய்ந்துவிட்டது. மற்றப் பிரகடனங்களோடு சேர்த்துத் தைத்து வெளியுறவுத் துறையில் பல காலம் வைத்திருந்து, 1936ல்தான் காப்பகத்துக்கு மாற்றினார்கள். அந்த ரிப்பனையும் தேய்ந்த முத்திரையையும் அப்படியே போட்டிருந்தால் நானே இன்னும் பத்து டாலர் சேர்த்துக் கொடுத்திருப்பேன்.

சரி, தாளை விடுங்கள். எனக்கு மனம் ஆறாத விஷயம் வேறு. இந்த ஆவணத்தின் உயிர் எங்கே இருக்கிறதோ, அங்கே கொண்டுபோய்ப் பொடி எழுத்தைப் போட்டிருக்கிறார்கள்.

'இனி என்றென்றும் விடுதலை பெற்றவர்கள்' என்கிற வரி கொட்டை எழுத்தில் வருகிறது. அதற்குக் கீழே எந்தெந்த இடத்துக்கு இது செல்லும், எங்கே செல்லாது என்ற பட்டியல். பத்திரம் எழுதுகிறவன் கண் நேராக அங்கேதான் போகும். ஆர்கன்சா, டெக்சஸ், லூசியானா, மிசிசிப்பி, அலபாமா, ஃப்ளோரிடா, ஜார்ஜியா, தென் கரோலினா, வட கரோலினா, வர்ஜீனியா என்று, நாட்டிலிருந்து பிரிந்து வடக்கோடு உள்நாட்டுப் போர் செய்துகொண்டிருந்த தெற்கின் பத்து மாநிலம். உடனே 'நீங்கலாக' வந்துவிடுகிறது. லூசியானாவில் நியூ ஆர்லியன்ஸ் நகரம் உட்பட 13 வட்டாரங்கள் நீங்கலாக. வர்ஜீனியாவில் மேற்கு வர்ஜீனியா எனப்பட்ட 48 கவுண்ட்டிகளும் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), நார்ஃபோக் பக்கத்தையும் சேர்த்து இன்னும் ஏழு கவுண்ட்டிகளும் நீங்கலாக. பெரும்பாலும் வடக்கின் கைக்குள் வந்துவிட்ட இந்த இடங்களெல்லாம் 'தற்போதைக்கு, இந்தப் பிரகடனமே வெளியிடப்படாததுபோல' அப்படியே இருக்கும் என்று எழுதிவிட்டார் லிங்கன். தெற்கோடு பிரிந்துபோன டென்னசி பட்டியலிலேயே இல்லை. வடக்கோடு நின்ற டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசூரி நான்கிலும் அடிமை முறை இருந்தது, அவையும் இல்லை.

மாப்பிள்ளை இதைப் படித்துவிட்டு, "என்ன மாமா, தன் கைக்குள் இருக்கிற இடத்தை விட்டுவிட்டு, கைக்கு எட்டாத இடத்தில் விடுதலை கொடுத்திருக்கிறாரே?" என்றார். அந்தக் காலத்திலேயே பலர் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். எனக்கு அது கேலியாகப் படவில்லை. எந்த அதிகாரத்தில் எழுதுகிறார் என்று பாருங்கள். முப்படைத் தளபதி என்கிற முறையில், கலகத்தை அடக்கத் தேவையான போர் நடவடிக்கை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். போர் அதிகாரம் கலகம் செய்கிற இடத்தில்தான் செல்லும். அரசுக்கு விசுவாசமாக இருக்கிற மாநிலத்தில் அடிமை முறையைத் தொட அன்றைய அரசியல் சட்டம் அதிபருக்கு இடம் தரவில்லை. அங்கேயும் கை வைத்திருந்தால் நீதிமன்றத்தில் மொத்த ஆவணமும் விழுந்திருக்கும். வில்லங்கம் எங்கே வரும் என்று தெரிந்து எழுதிய கை இது. யாருக்கும் பயன்படவில்லை என்பதும் சரியில்லை. தென் கரோலினாவின் கடலோரத் தீவுகள் ஏற்கெனவே வடக்குப் படையிடம் இருந்தன, விலக்குப் பட்டியலில் இல்லை. அங்கே இருந்தவர்களுக்கு அன்றைக்கே செல்லுபடியானது. மற்ற இடங்களில் படை முன்னேற முன்னேறச் செல்லுபடியானது. விடுதலையானவர்களைப் படையில் சேர்க்கலாம் என்று ஒரு பத்தி இருக்கிறது. போர் முடிவதற்குள் சுமார் 1,80,000 கறுப்பினத்தவர் ராணுவத்தில் சேர்ந்தார்கள். அந்தப் பத்தியும் இந்த நகலில் பொடி எழுத்தில்தான்.

பேத்தி கேட்டது வேறு. "நம்ம வீடு இருக்கிற மேரிலாந்து இதில் எங்கே தாத்தா?" இல்லை கண்ணு. மேரிலாந்து தனக்கென்று புது அரசியல் சட்டம் எழுதி, 1864 நவம்பர் 1 முதல்தான் விடுவித்தது. இந்தத் தாளை விற்கிற வாஷிங்டனும் இதில் வராது. அங்கே 1862 ஏப்ரல் 16லேயே தனிச் சட்டம் போட்டு, தலைக்கு 300 டாலர் வரை இழப்பீடு கொடுத்து விடுவித்துவிட்டார்கள். இழப்பீடு வாங்கியவர்கள் எஜமானர்கள். நாடு முழுக்க அடிமை முறை ஒழிய 1865 டிசம்பரில் அரசியல் சட்டத்தின் 13வது திருத்தம் வர வேண்டியிருந்தது.

கையெழுத்துக்கு வருவோம். அன்று காலை வந்த சுத்தப் பிரதியின் முடிப்பு வாசகத்தில் பிழை இருப்பதை லிங்கன் கண்டுபிடித்து, வெளியுறவுத் துறைக்கே திருப்பி அனுப்பினார். (நாட்டின் பெரிய ஆவணத்திலும் எழுத்தர் கை தவறுகிறது, எங்கள் தொழிலில் இதைப் படித்தால் எல்லோருக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.) திருத்தி வருவதற்குள் புத்தாண்டு வரவேற்பில் மணிக்கணக்கில் கை குலுக்கிக் குலுக்கி வலது கை மரத்துப்போயிற்று. நடுங்கிய கையெழுத்தைப் பார்த்தால் பின்னாளில் தயங்கினான் என்பார்களே என்று நிதானித்துத்தான் போட்டார். வழக்கமாக 'ஏ. லிங்கன்' என்று சுருக்குகிறவர் இதில் முழுப் பெயரையும் எழுதினார். கூடவே வெளியுறவு அமைச்சர் வில்லியம் சீவார்ட் கையெழுத்து. இந்த நகலில் லிங்கனுடையதைத் தடித்த மையில் ஊதிப் பெரிதாக்கிவிட்டதால் கோட்டின் நெளிவு ஒன்றும் தெரியவில்லை. சீவார்ட் கையெழுத்தையே காணோம். சாட்சிக் கையெழுத்தை விட்ட பத்திரத்தை நான் வாங்கி வைப்பதா!

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. இதை நினைவுப் பொருளாக விற்பது புதிதில்லை. 1864 ஜூனில் பிலடெல்ஃபியா கண்காட்சியில் படைவீரர் நல நிதிக்காக 48 பிரதிகள் அச்சடித்து, லிங்கனும் சீவார்டும் கையெழுத்துப் போட்டு, ஒன்று 10 டாலருக்கு வைத்தார்கள். அப்போது எல்லாம் விற்றுத் தீரவில்லை. இப்போது ஏலத்தில் வந்தால் லட்சக்கணக்கான டாலர்.

நகல் போடுகிற கம்பெனிக்காரர்கள் யாராவது படித்தால் ஒரு யோசனை. பாஸ்டனைச் சேர்ந்த வணிகர் ஜான் மர்ரே ஃபோர்ப்ஸ் அந்தக் காலத்தில் இதையே உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டிப் புத்தகமாக அச்சடித்தார், படைவீரர்கள் தெற்கே கொண்டுபோய்க் கொடுப்பதற்காக. அதை அதே அளவில் போடுங்கள், நான் நாலு வாங்கிக்கொள்கிறேன்.

சுவரில் அழகுக்கு மாட்ட வேண்டும், யாரும் கிட்டே வந்து படிக்கப் போவதில்லை என்றால் இந்தத் தாள் போதும். ஆனால் மாட்டுகிற மரச்சட்டத்தோடு வாங்காதீர்கள், அதற்கு வேறு தனியாகத் தீட்டுகிறார்கள். படிக்க வேண்டும் என்றால் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் ஐந்து பக்கமும் இலவசமாக இருக்கிறது, நெளிவும் ரிப்பனும் தெரிகிற அளவுக்குத் தெளிவான படங்கள். மாப்பிள்ளை இரண்டாம், மூன்றாம் பக்கங்களை மட்டும் பெரிதாக அச்செடுத்துக் கொடுத்தார். குழாயில் வந்தது பேத்தியின் பள்ளிச் செயல்திட்டத்துக்குப் போய்விட்டது.