எச்.ஐ.வி. சிகிச்சை ஆய்வுகள்: கையேடு நன்று, அதிகாரிகளுக்கான தாள் சுமார்

எச்.ஐ.வி. சிகிச்சை ஆய்வுகளின் முடிவுகளைக் கன்னியாகுமரி மாவட்ட ஊர்க் கூட்டங்களில் விளக்கும் ஒரு தொண்டு அமைப்பின் தொகுப்பு இது. 16 பக்கக் கையேடு, புரட்டு அட்டை, அதிகாரிகளுக்கு இரண்டு பக்கத் தாள். எல்லாம் இலவசம்.

கையேட்டில் அசத்தல் ஒரு பக்கம்தான். சிகிச்சையை உடனே தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது குறையுமா என்று பார்த்த, 2011-ல் வந்த எச்.பி.டி.என். 052 ஆய்வை '96 சதவீதம் குறைவு' என்று சொல்லி நகர்ந்துவிடவில்லை. ஆய்வில் ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருந்த 1,763 தம்பதிகள்; துணையிடமிருந்தே தொற்றியதாக உறுதியானவர்கள் 28 பேர். அதில் ஒருவர் மட்டுமே உடனே சிகிச்சை தொடங்கிய பிரிவு. 28 கட்டம், ஒன்றுக்கு மட்டும் வேறு நிறம். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் விளங்கும். சென்னையும் புனேயும் அந்த ஆய்வில் இருந்ததைச் சொன்னதும் நல்லது. 'அதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு' என்ற பேச்சு எழாது.

அடுத்த பக்கத்திலேயே சறுக்கல். உடனே தொடங்கினால் நோயாளிக்கே நன்மையா என்று பார்த்த 2015-ன் ஸ்டார்ட் ஆய்வுக்கு '57 சதவீதம் குறைவு' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்களில் 4.1 சதவீதம் பேருக்குக் கடும் நோயோ மரணமோ நேர்ந்தது. உடனே தொடங்கியவர்களில் 1.8 சதவீதம். இந்த இரண்டு எண்ணும் இல்லாவிட்டால், நூற்றில் 57 பேர் பிழைத்தார்கள் என்றுதான் கேட்பவர் நினைப்பார்.

டி.எல்.டி. (டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த எச்.ஐ.வி. மாத்திரை) பகுதியில் 'கால்சியம், இரும்பு மாத்திரைகளைத் தவிர்க்கவும்' என்ற ஒற்றை வரி ஆபத்து. கர்ப்பிணி இதைப் படித்தால் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடுவார். டோலுடெக்ராவிர் அந்த உலோகச் சத்துகளோடு ஒட்டிக்கொண்டால் குடலில் சேராது, அவ்வளவுதான். வெறும் வயிற்றில் என்றால் அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ டி.எல்.டி. போடலாம், சாப்பாட்டோடு என்றால் சேர்த்தே போடலாம். அலுமினியம், மக்னீசியம் கலந்த அமிலமுறிவு மருந்துக்கு (ஆன்டாசிட்) சாப்பாட்டோடு சேர்த்துப் போடும் சலுகை கிடையாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு 12 மணி நேரம் கழித்து இன்னொரு 50 மி.கி. டோலுடெக்ராவிர் தேவை, அதுவும் விடுபட்டிருக்கிறது.

அதிகாரிகளுக்கான தாள் கையேட்டின் சுருக்கம்தான். 'விழிப்புணர்வு பெருக வேண்டும்' என்ற கோரிக்கையை வைத்துக்கொண்டு கலெக்டர் எதில் கையெழுத்துப் போடுவார்? தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் மீனவர் கரை திரும்ப வாரக்கணக்காகும். கடலில் இருக்கும் நாளுக்கும், மேலே பத்து நாளுக்கும் சேர்த்து மாத்திரை கொடுங்கள் என்று எழுதியிருந்தால் அது கோரிக்கை.

கூட்ட வாசலில் பெயர், ஊர் கேட்கும் பதிவேடு வேண்டவே வேண்டாம். எழுத்துமூலச் சம்மதமின்றி ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை வெளியிடுவதை 2017-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பதிவேடோ மேசையில் திறந்தே கிடக்கும்; அதில் பெயரைப் பார்ப்பவர் இவருக்கும் எச்.ஐ.வி. என்று முடிவு கட்டிவிடலாம். தலைக்கணக்குத்தான் தேவையென்றால் கோடு போட்டு எண்ணலாமே.