பிள்ளைகளோடு மான் வேட்டைக்குப் போகிறவர்கள் படியுங்கள்: என் 1,450 டாலர் போன கதை

வெள்ளிக்கிழமை ராத்திரி நடந்தது, இன்று திங்கள். இன்னும் கொதிப்பு அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போலி வேட்டை விளம்பரத்தை நம்பிப் போனது 1,450 டாலர். அதைவிட, இருட்டில் பூட்டிய கேட்டுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு முட்டாள் மாதிரி நின்றேனே, அதுதான் தாங்க முடியவில்லை.

டெக்சாஸில் இருப்பவர்களுக்குத் தெரியும், இங்கே நிலம் ஏறக்குறைய முழுக்கத் தனியார் கையில். தெரிந்தவர் நிலம் இல்லாதவன் மானைப் பார்க்க வேண்டுமென்றால் காசு கொடுத்து யாருடைய ரான்ச்சிலாவது, அதாவது பெரிய பண்ணை நிலத்திலாவது, இடம் பிடிக்க வேண்டும். (வேட்டை என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் நம்மில் உண்டு. அது வேறு பஞ்சாயத்து, இங்கே வேண்டாம்.) மகளுக்கு 12 வயது, மகனுக்கு 8. ஆபீஸ் நண்பர் வீட்டில் மான் கறி சாப்பிட்ட நாளிலிருந்து மகள் ஒரே பிடிவாதம். 1971 செப்டம்பர் 2 முதல் பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம், அதனால் நானும் அவளும் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து முடித்தோம். சின்னவன் பின்வரிசையில் படம் வரைந்துகொண்டிருந்தான். பிள்ளைகளுக்கு லைசென்ஸ் 7 டாலர்தான். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தோம்.

பெரியவர்களுக்கு சீசன் திறக்கும் முன்பே, அக்டோபர் கடைசியில், 17 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு வார இறுதி உண்டு. அதற்குத்தான் இடம் தேடினேன். பழைய சோபாவில் இருந்து கார் வரை எல்லாம் விற்கிற ஒரு தளத்தில் அந்த விளம்பரம் இருந்தது. மத்திய டெக்சாஸில் லானோ என்கிற ஊர்ப் பக்கம் ரான்ச், இரண்டு இரவு கேபின், பிளைண்ட் என்கிற மறைகூண்டு, குடும்பமாக வரலாம், மகளுக்கு ஒரு பெட்டை மான், மொத்தம் 1,450.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பவில்லை. போன் பேசினேன், இருபது நிமிஷம். அந்த ஆள் என்ன கேட்டான் தெரியுமா? "உங்கள் மகளுக்கு இடது கைப் பழக்கமா, வலது கையா? அதற்கேற்ற மாதிரிதான் கூண்டில் நாற்காலி போட வேண்டும்" என்றான். என் மகள் இடது கைக்காரி. சின்னவனுக்கு ஜன்னல் எட்டாது, ஒரு குஷன் எடுத்து வாருங்கள் என்றும் சொன்னான். இதையெல்லாம் கேட்கிறவன் திருடன் என்று யாருக்குத் தோன்றும்? அன்று ராத்திரியே டிரெயில் கேமரா (மரத்தில் கட்டி வைத்தால் மான் வரும்போது தானே படம் எடுப்பது) படம் ஒன்று அனுப்பினான், கீழே தேதி, நேரத்தோடு, போன வாரம் எடுத்ததாம், கொம்போடு ஒரு கிடா நிற்கிறது. மகள் அதைத் தன் டேப்லெட்டில் முகப்புப் படமாக வைத்துக்கொண்டாள். நான் பணத்தை அனுப்பினேன். பேமெண்ட் ஆப்பில், "நண்பர்கள், குடும்பத்தினருக்கு" என்று ஒன்று இருக்குமே, அதில். கமிஷன் மிச்சம் என்றான். கமிஷன்!

ஹூஸ்டனில் இருந்து நாலு மணி நேர ஓட்டம். கேட் பூட்டுக்கு நாலு இலக்க எண் அனுப்பியிருந்தான். நான் டார்ச் பிடிக்க, மகள் ஒவ்வொரு சக்கரமாகத் திருப்பினாள். திறக்கவில்லை. தலைகீழாகப் போட்டோம், திறக்கவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. "சிக்னல் இல்லை, பத்து நிமிஷம்" என்று ஒரு மெசேஜ் வந்தது. ஒரு மணி நேரம் கழித்து, வேலையாள் பூட்டை மாற்றிவிட்டான் போலிருக்கிறது என்று இன்னொன்று. சொல்ல வெட்கமாக இருக்கிறது, காசு கொடுத்தாயிற்றே, கேட்டைத் தாண்டிக் குதித்து கேபின் எங்கே என்று பார்க்கலாமா என்று எனக்கே தோன்றியது. அப்போது சின்னவன், "அப்பா, மரத்துல ஊதா பெயிண்ட் இருக்கு" என்றான். வகுப்பில் சொன்னது எனக்கு மறந்துபோச்சு, படம் வரைந்துகொண்டிருந்தவனுக்கு ஞாபகம் இருக்கிறது. ஊதாக் கோடு என்றால் இந்த மாநிலத்தில் "உள்ளே வராதே" என்று அர்த்தம். நில உரிமையாளர் சம்மதம் இல்லாமல் மான் சுடுவது இங்கே விளையாட்டு இல்லை, ஜெயிலில் போய் முடியும். விடியற்காலை என் பன்னிரண்டு வயது மகள் அந்த நிலத்தில் ரைஃபிளோடு உட்கார்ந்திருந்தால்? அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

கொஞ்ச நேரத்தில் ஒரு பிக்கப் வந்தது. நிஜமான உரிமையாளர், வயதானவர், வெளிச்சம் பார்த்து வந்திருக்கிறார். அவர் யாருக்கும் வேட்டைக்கு விடுவதே இல்லையாம். எங்களுக்கு முன்னால் அன்று சாயங்காலமே இன்னொரு குடும்பம் வந்து திரும்பியிருக்கிறது. படத்தைக் காட்டினேன். ஒரு பார்வைதான் பார்த்தார். "கொம்பில் இன்னும் வெல்வெட் இருக்கிறது பார். செப்டம்பரிலேயே எல்லாம் மரத்தில் தேய்த்து உதிர்த்துவிடும். இது கோடையில் எடுத்த படம்" என்றார். ஆமாம், கொம்பு முழுக்கப் பட்டு சுற்றின மாதிரி ரோமத்தோல். தேதி மட்டும் அக்டோபர். மூன்று வாரம் அந்தப் படத்தை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. அவன் சனிக்கிழமை "மூன்று வேலை நாளில் பணம் வரும்" என்றான், மத்தியானம் பிளாக் செய்துவிட்டான். தளத்துக்கு எழுதினால், பணப் பரிமாற்றம் எங்கள் தளத்துக்கு வெளியே நடந்தது, வருந்துகிறோம். பேமெண்ட் ஆப்காரர்கள், நீங்களே அனுப்பியது, அதுவும் நண்பருக்கு என்று சொல்லி அனுப்பியது. யார் நண்பன்? பேங்க்கில் பேசிய பெண் பொறுமையாகத்தான் பேசினாள், முடிவு அதேதான்: நீங்கள் ஒப்புதல் கொடுத்த 1,450 டாலர். ஷெரிஃப் ஆபீஸில் புகார் எண் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒரு வார்த்தை வரவில்லை. வந்திருந்தால்கூடத் தேவலை.

என்னென்ன சரிபார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. சட்டென்று சொல்கிறேன். நிலம் யார் பேரில் இருக்கிறது என்று கவுண்டி சொத்து மதிப்பீட்டுத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், அந்தப் பேர்க்காரரிடம் பேசாமல் ஒரு டாலர் அனுப்பாதீர்கள். காசுக்கு வேட்டைக்கு விடுகிறவர்கள் மாநிலத்திடம் அதற்கென்று தனி லைசென்ஸ் வாங்க வேண்டும், அதைக் கேளுங்கள். கிரெடிட் கார்டில் பணம் வாங்க மாட்டேன் என்று எதிராளி சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

இன்று காலை அதே விளம்பரம் வேறு பேரில் மறுபடி வந்திருக்கிறது. அதே கிடா, அதே வெல்வெட், படத்தின் கீழே தேதி மட்டும் புதிது. விலை 1,250. மகள்தான் கண்டுபிடித்துக் காட்டினாள். புகார் பட்டனை அழுத்தியிருக்கிறோம், "பரிசீலிக்கிறோம்" என்று வந்திருக்கிறது.