ஜிமெயிலின் ‘ஷோ ஒரிஜினல்’: போலி முகவரியில் வரும் வைரஸ் மெயிலுக்கு இது போதுமா?

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் ஏற்றுமதி செய்கிறவருக்குத் தூத்துக்குடி கிளியரிங் ஏஜென்ட் பெயரில் மெயில் வருகிறது. ‘பில் ஆஃப் லேடிங்’ (கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ரசீது) என்று ஒரு ஜிப் ஃபைல். முகவரியில் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. திறக்கலாமா? இதற்குப் பதில் தேட ஜிமெயிலில் இலவசமாகக் கிடைப்பது ‘ஷோ ஒரிஜினல்’; மெயிலின் மறைந்திருக்கும் விவரங்களைக் காட்டும் வசதி.

மெயில் அனுப்ப 1982-ல் வகுத்த எஸ்எம்டிபி முறையில் ‘ஃப்ரம்’ (அனுப்புநர்) வரியில் யார் முகவரியை வேண்டுமானாலும் போடலாம்; சரிபார்க்க அதில் வழி கிடையாது. 2002-ல் பரவிய கிளெஸ், 2003-ல் சோபிக், 2004-ல் மைடூம் ஆகிய வைரஸ்கள் எல்லாம் இந்த ஓட்டையில் புகுந்தவைதான். வைரஸ் ஏறிய கம்ப்யூட்டரில் அகப்படும் முகவரிகளில் ஒன்றை அனுப்புநராகப் போட்டு, மற்றவற்றுக்கு அனுப்பும். ஆகவே ஏஜென்டுக்குப் போன் போட்டு ஏசிவிடாதீர்கள். அவர் கம்ப்யூட்டர் சுத்தமாகவே இருக்கலாம்.

பிரவுசரில் மெயிலைத் திறந்து, வலது ஓரம் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி ‘ஷோ ஒரிஜினல்’ கொடுங்கள். மேலே ஒரு சின்ன அட்டவணை வரும்: எஸ்பிஎஃப் (அனுப்பிய சர்வருக்கு அனுமதி உண்டா), டிகிம் (மெயிலில் உள்ள டிஜிட்டல் கையெழுத்து சரியா), டிமார்க் (இவற்றில் ஒன்றாவது ‘ஃப்ரம்’ முகவரியோடு பொருந்தித் தேறியதா). முதலில் டிமார்க்கைப் பாருங்கள். ‘ஃபெயில்’ என்றால் ஃபைலைத் தொடாதீர்கள். எஸ்பிஎஃப் மட்டும் ஃபெயில் என்றால் அவசரப்பட வேண்டாம். பழைய கணக்கிலிருந்து ஆட்டோ ஃபார்வேர்டு ஆகி வரும் நல்ல மெயிலும் அப்படித்தான் காட்டும். டிகிம் ‘பாஸ்’ என்றாலும் பக்கத்தில் இருக்கும் டொமைன் பெயரை (முகவரியில் @-க்குப் பின் வருவது) படியுங்கள். வைரஸ் அனுப்புகிறவன் தன் சொந்த டொமைனில் கையெழுத்துப் போட்டும் ‘பாஸ்’ வாங்குவான். அந்தப் பெயர் ‘ஃப்ரம்’ வரியின் டொமைனோடு ஒத்துப்போக வேண்டும். கீழே நீளமாக ஓடும் ‘ரிசீவ்டு’ வரிகளில் (மெயில் எந்தெந்த சர்வர் வழியாக வந்தது என்ற பதிவு) கூகுள் சர்வர் எழுதியதை மட்டுமே நம்பலாம். அதற்குக் கீழே உள்ளவை பொய்யாகவும் எழுதப்பட்டிருக்கலாம்.

பெரிய குறை, மொபைல் ஆப்பில் இந்த வசதி இல்லை. நெல்லை டவுனிலும் வண்ணார்பேட்டையிலும் கடை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் மெயிலைப் போனில்தான் பார்க்கிறார்கள். சந்தேக மெயில் வந்தால் கம்ப்யூட்டருக்குப் போகும்வரை திறக்காமல் வைப்பதே வழி.

இன்னொரு குறை இதைவிட ஆபத்து. ஏஜென்டின் கணக்கையே திருடி, பழைய உரையாடலுக்குப் பதில் போல அனுப்பினால் மூன்றுமே ‘பாஸ்’ காட்டும். எமோடெட் வைரஸ் திருடிய பழைய மெயில்களுக்குப் பதில் போட்ட மாதிரியே வந்தது. பாஸ்வேர்டு போட்ட ஜிப்பையும் அனுப்பியது. எக்ஸ்இ, ஜேஎஸ் போன்ற புரோகிராம் ஃபைல்களை ஜிமெயில் தடுத்துவிடும். பாஸ்வேர்டு பூட்டிய ஜிப்புக்குள் இருப்பதை அதனால் சோதிக்க முடியாது. பாஸ்வேர்டையும் அதே மெயிலில் எழுதியிருந்தால், ஏஜென்டை ஏற்கெனவே உங்களிடம் உள்ள நம்பரில் கூப்பிட்டுக் கேளுங்கள். மெயிலில் இருக்கும் நம்பர் வேண்டாம்.

வருவதைச் சோதிக்க இது நல்ல கருவி, அதுவும் காசில்லாமல். ஆனால் உங்கள் டொமைன் பெயரில் பிறர் அனுப்புவதை இது தடுக்காது. அதற்கு உங்கள் டொமைனின் டிஎன்எஸ் பதிவேட்டில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று ரெக்கார்டும் நீங்கள்தான் போட வேண்டும். டிமார்க்கை முதலில் ‘நன்’ (none: எதையும் தடுக்காதே) என்று வைத்து, உங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் அனுப்பும் மெயிலும் பாஸ் ஆகிறதா என்று மெயில் பெறும் நிறுவனங்கள் அனுப்பும் ரிப்போர்ட்டில் பாருங்கள். பிறகு ‘குவாரன்டைன்’ (ஸ்பாமில் போடு), கடைசியாக ‘ரிஜெக்ட்’ (ஏற்காதே). வெப்சைட் செய்துகொடுக்கிறவர்கள் பலர் ‘நன்’னோடு விட்டுவிடுகிறார்கள்; கேட்டு மாற்றச் சொல்லுங்கள்.