வறட்சிக்குக் களிம்பா, மாத்திரையா? மாதவிலக்கு நின்றபின் பெண்கள் முன்னுள்ள நான்கு வழிகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். காசிமேட்டிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் வரும் பெண்கள் சுகர் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் உரக்கவே கேட்பார்கள். மாதவிலக்கு நின்றபின் வரும் தொந்தரவைப் பற்றிக் கேட்பதற்கு மட்டும், கடையில் ஆண்கள் யாரும் இல்லாத நேரம் வரும்வரை ஓரமாக நிற்பார்கள். சென்ற பங்குனியில் ஒரு நாள், காலிக் கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்த ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர், நான் தனியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, "கீழ எரியுதும்மா. அவுரு கிட்ட வந்தாலே பயமா கீது" என்றார். அவர் துணிப்பையிலிருந்து எடுத்து வைத்த ஐந்து மாத்திரை அட்டைகளும் பாதி பிதுக்கிய ஒரு டியூபும்தான் இந்த அலசலை எழுதத் தூண்டின.

இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நிற்கிறது. சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைச் சுரப்பதை நிறுத்தும்போது பெண்ணுறுப்பின் உட்புறத் தோல் மெலிந்து, அங்கே இரத்த ஓட்டம் குறைந்து, நன்மை செய்யும் கிருமிகள் அருகிப்போகின்றன. அதனால் 4.5க்குக் கீழே இருக்க வேண்டிய அமில அளவு (pH) 5ஐத் தாண்டுகிறது, அதாவது அமிலத்தன்மை குறைகிறது. உறவின்போது ஊற வேண்டிய ஈரம் ஊறாமல் வலி ஏற்படுகிறது, தொடு உணர்வு மங்குகிறது, உச்சம் எட்டாமல் நழுவுகிறது. பக்கத்திலேயே இருக்கும் சிறுநீர்த் தாரையும் அதே வறட்சிக்கு ஆளாவதால் நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வருகிறது. வாய் உலர்வது, நாக்கு எரிவது, கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்துவது ஆகியவையும் இந்த வயதில் அதிகமாகின்றன. உடம்பு திடீரென்று கொதித்து வியர்க்கும் அனல், சில ஆண்டுகளில் பெரும்பாலானோருக்குத் தணிந்துவிடும். கீழே உள்ள வறட்சி அப்படித் தானாகத் தணிவதில்லை, சிகிச்சை இல்லாவிட்டால் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. எந்த வழியைத் தேர்வது என்ற கேள்விக்கு இந்த ஒரு வேறுபாடே அடிப்படை என்று நான் கருதுகிறேன்.

வழிகளை ஒப்பிடும் முன், எரிச்சல் வறட்சியால்தானா என்று பார்த்துவிட வேண்டும். அந்தப் பெண்மணியின் அட்டைகளில் ஒன்று டாபாகிளிஃப்ளோசின். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மாத்திரை அது. இரத்தச் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்துதான் என்றாலும், சர்க்கரை கலந்த சிறுநீர் படும் இடத்தில் பூஞ்சைத் தொற்று எளிதாக வந்துவிடும். அரிப்பும் தயிர்த் திப்பி போன்ற வெள்ளைப்படுதலும் இருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். அதை ஈஸ்ட்ரோஜன் களிம்பு போக்காது. தானாகவே மாத்திரையை நிறுத்துவதும் கூடாது, சீட்டு எழுதிய மருத்துவரிடம் சொன்னால் போதும், அவர் தொற்றுக்கு மருந்து கொடுப்பார் அல்லது மாத்திரையை மாற்றுவார். இரவில் தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் எழுதப்படும் அமிட்ரிப்டிலின், தும்மலுக்கு என்று பலர் நாள்தோறும் போட்டுக்கொள்ளும் அவில் ஆகியவையும் வாயையும் கண்ணையும் உலர்த்தும். வயதின் மேல் பழி போடும் முன் மாத்திரை அட்டைகளை ஒருமுறை மேசைமேல் பரப்பிப் பார்த்துவிடுவது நல்லது.

இன்னொன்று, கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள். "பைய எடுத்துட்டாங்க" என்று சொல்லும் பெண்களிடம் சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தார்களா என்று கேட்டால், பத்தில் ஏழெட்டுப் பேர் முழிக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் அது எழுதப்பட்டிருக்கும். இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருந்தால் ஈஸ்ட்ரோஜன் படிப்படியாகக் குறையாமல் ஓரிரு நாளில் அற்றுப்போகும், நாட்டத்துக்குத் துணைபுரியும் டெஸ்டோஸ்டீரோனும் ஏறக்குறைய பாதியாகிவிடும். முப்பத்தெட்டு வயதில் அப்படி நேர்ந்த பெண்ணை "இனி என்ன ஆசை" என்று வீட்டார் அடக்கிவிடுகிறார்கள். அந்த வயதில் அவருடைய எலும்பையும் இதயத்தையும் காக்கவே ஹார்மோன் தேவைப்படலாம் என்பதால், அவர் மருத்துவரை நேரில் பார்ப்பதைத் தள்ளிப்போடவே கூடாது.

முதல் வழி, ஹார்மோன் இல்லாத வழவழப்புப் பொருள்கள். இவற்றில் இரண்டு வகை உண்டு. உறவின்போது மட்டும் தடவிக்கொள்ளும் ஜெல் ஒன்று, வாரத்தில் இரண்டு மூன்று முறை உள்ளே வைத்து ஈரத்தைத் தக்கவைக்கும் மாய்ஸ்சரைசர் மற்றொன்று. ஜெல் அந்த நேரத்து உராய்வைக் குறைக்கும், மெலிந்த தோலைத் தடிக்க வைக்காது. இலேசான வறட்சிக்கு இதுவே போதும், மார்பகப் புற்றுநோய் வந்தவர்களும் முதலில் இதைத்தான் முயல வேண்டும். வீட்டுத் தேங்காய் எண்ணெயைப் பலர் பயன்படுத்துகிறார்கள். ஆணுறை போடுகிறவர்கள் எண்ணெயைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் அது ரப்பரை நைந்துபோகச் செய்யும். கடையில் நான் கண்ட பெரிய தவறு இதில்தான் நடக்கிறது. அந்தப் பெண்மணி வைத்திருந்த டியூப் லிக்னோகைன் ஜெல்லி. வேறொரு கடையில் வழவழப்புக்கு என்று கொடுத்திருக்கிறார்கள். அது மரத்துப்போகச் செய்யும் மருந்து. எரிச்சல் தெரியாமல் போனதோடு எல்லா உணர்வும் போய்விட்டது. தன் உடம்பே செத்துவிட்டது என்று அவர் இரண்டு மாதம் நம்பியிருக்கிறார்.

இரண்டாவது வழி, உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு. நம் கடைகளில் எஸ்ட்ரியால் களிம்பு கிடைக்கிறது. ஒரு முறைக்கு அரை கிராம் களிம்பு, அதில் அரை மில்லிகிராம் மருந்து. முதல் இரண்டு மூன்று வாரம் தினமும், பிறகு வாரத்துக்கு இரண்டு முறை என்பது வழக்கமான அளவு. அந்தக் கணக்கில் 15 கிராம் டியூப் ஒன்று ஏறக்குறைய எட்டிலிருந்து பத்து வாரம் வரும். பலன் இரண்டு மூன்று வாரத்தில் தெரியத் தொடங்கும், முழுமையடையச் சுமார் மூன்று மாதம் ஆகும். தோல் மீண்டும் தடித்து, அமில அளவு பழைய நிலைக்குத் திரும்பி, ஈரம் தானாக ஊறத் தொடங்குவதால், வலி குறைவதோடு தொடு உணர்வும் திரும்புகிறது. மேலும், அடிக்கடி வரும் நீர்க்கடுப்பு குறைகிறது. விழுங்கும் மாத்திரை வடிவ ஈஸ்ட்ரோஜனால் அந்தப் பலன் கிடைப்பதில்லை என்பதைப் பலர் அறிய மாட்டார்கள்.

களிம்பு வாங்கிப்போன பெண்கள் மறுநாளே திருப்பிக் கொண்டு வருவதற்குக் காரணம், பெட்டிக்குள் இருக்கும் துண்டுச் சீட்டு. இரத்தக் கட்டி, மார்பகப் புற்றுநோய் என்று அதில் எழுதியிருப்பதை மகளோ மருமகளோ படித்துச் சொல்லிவிடுகிறார். அந்த எச்சரிக்கைகளின் வேர் 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. சராசரியாக 63 வயதுள்ள பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு, ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டின் என்னும் செயற்கை ஹார்மோனும் சேர்ந்த மாத்திரையைக் கொடுத்துச் செய்யப்பட்டது. ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் எட்டுப் பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வந்தது. கர்ப்பப்பை இல்லாத பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்த பிரிவில் அந்த அதிகரிப்பு காணப்படவில்லை. விழுங்கும் மாத்திரையில் கண்ட ஆபத்தை, இரத்தத்தில் மிகச் சிறிதளவே கலக்கும் களிம்பின் மேல் அப்படியே ஏற்றி வைத்ததால் எத்தனையோ பெண்கள் தேவையின்றி வலியைச் சுமந்தார்கள் என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. ஆயினும் மாதவிலக்கு நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் களிம்பைத் தொடும் முன் பரிசோதனை செய்தாக வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கு லெட்ரோசோல் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் புற்றுநோய் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் தொடவே கூடாது.

மூன்றாவது வழி, உடம்பு முழுவதற்குமான ஹார்மோன், அதாவது விழுங்கும் மாத்திரை அல்லது தோலில் தடவும் ஜெல். இரவில் மூன்று முறை நைட்டி நனைய எழுந்து உட்காரும் பெண்ணுக்கு இதற்கு நிகரான மருந்து இல்லை. தூக்கம் திரும்பினால் மனமும் நாட்டமும் சேர்ந்தே திரும்பக்கூடும். கர்ப்பப்பை உள்ளவர்கள் கூடவே புரொஜெஸ்டிரோனும் எடுக்க வேண்டும், இல்லையேல் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றுநோய்க்கு இடமாகும். மாத்திரைக்கும் ஜெல்லுக்கும் இடையே நான் ஜெல்லின் பக்கம். விழுங்கிய ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போவதால் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது, டெஸ்டோஸ்டீரோனைப் பிடித்து வைக்கும் புரதமும் அதிகமாகிறது. ஆகவே அனல் தணிந்தும் ஆசை வரவில்லை என்று ஒரு பெண் சொன்னால் அதில் பொய் இல்லை. கண்ணுக்கும் மாத்திரை உதவுவதில்லை: இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களைப் பற்றி 2001இல் வெளியான ஆய்வில், ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களிடம் கண் வறட்சிக்கான வாய்ப்பு 69 சதவீதமும், புரொஜெஸ்டினும் சேர்த்து எடுத்தவர்களிடம் 29 சதவீதமும் கூடுதலாகக் காணப்பட்டது. நம் ஊர் வியர்வையில் ஜெல்லுக்கும் ஒரு சிக்கல் உண்டு. குளித்துத் துவட்டியபின் மின்விசிறிக் காற்றில் தோல் உலர்ந்த பிறகே தடவ வேண்டும், தடவிய இடம் காயும்வரை பேரக்குழந்தையைத் தூக்கக் கூடாது. டிபோலோன் என்னும் மாத்திரை நாட்டத்துக்கு ஓரளவு கைகொடுக்கும். அறுபதைக் கடந்தவர்களுக்குப் பக்கவாத ஆபத்து இருப்பதாலும், மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு ஆகாது என்பதாலும் அதை நான் பின்னால்தான் வைப்பேன்.

நான்காவது வழி, ஹார்மோன் இல்லாமல் அனலைத் தணிக்கும் மாத்திரைகள். பரோக்ஸெடின், வென்லாஃபாக்ஸின், காபாபென்டின் ஆகியவை இதில் அடங்கும். ஹார்மோன் எடுக்கக் கூடாதவர்களுக்கு இவை பெரும் துணை. கீழே உள்ள வறட்சியை மட்டும் இவை தீண்டுவதில்லை. பரோக்ஸெடினும் வென்லாஃபாக்ஸினும் மனச்சோர்வுக்குத் தரும் அளவில் ஆசையை மந்தமாக்கவும், உச்சத்தைத் தள்ளிப்போடவும், பிறப்புறுப்பை மரக்கச் செய்யவும் கூடும். அனலுக்குத் தரும் குறைந்த அளவான 7.5 மில்லிகிராம் பரோக்ஸெடினில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. இந்த மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் தலைக்குள் மின்சாரம் பாய்ந்தாற்போல் இருக்கலாம், ஆகையால் படிப்படியாகவே குறைக்க வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கு டாமாக்ஸிஃபென் சாப்பிடுகிறவருக்குப் பரோக்ஸெடின் எழுதியிருந்தால் நான் சீட்டைத் திருப்பி அனுப்பிவிடுவேன், ஏனெனில் அது டாமாக்ஸிஃபெனின் வேலையைக் கெடுத்துவிடும்.

ஆகவே அனல்தான் பெரிய தொந்தரவு என்பவருக்குத் தோலில் தடவும் ஹார்மோன் ஜெல், அது கூடாதவருக்கு நான்காவது வழி. கீழே வறட்சி மட்டும் என்பவருக்குக் களிம்பு என்பதே என் தேர்வு. ஆனால் களிம்புக்கு, எந்தத் துண்டுச் சீட்டிலும் எழுதாத ஒரு குறை இருக்கிறது. ஒற்றை அறை வீட்டில் மாமியார், பிள்ளைகள், கணவர் எல்லோரும் வரிசையாகப் படுத்திருக்கும்போது, படுக்கும் முன் உள்ளே செலுத்தும் குழாயை எங்கே வைத்து உபயோகிப்பது, ஐந்து குடித்தனத்துக்குப் பொதுவான குழாயடியில் அதை எப்படிக் கழுவுவது? மாத்திரையை நூறு பேர் முன்னிலையில் விழுங்கிவிடலாம். மாத்திரையைக் கேட்டு வாங்கும் பலருக்கு உண்மையான காரணம் இதுதான்.

அந்தப் பெண்மணியை எல்லா அட்டைகளோடும் அரசு மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்கு அனுப்பினேன். பூஞ்சைக்கு ஒரு வாரம் மருந்து கொடுத்துவிட்டு, பிறகு எஸ்ட்ரியால் களிம்பு எழுதியிருந்தார்கள். சீட்டில் "இரவு" என்று இருந்தது. இரவில் முடியாது என்று மருத்துவரிடமே சொல்லும்படி நான் வற்புறுத்தியதால் அவர் மறுபடி போய்க் கேட்டார். நேரம் எதுவானாலும் சரி, வைத்தபின் கொஞ்ச நேரம் படுத்திருந்தால் போதும், குழாய் வேண்டாமென்றால் விரல் நுனியில் எடுத்து வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஏலம் முடிந்து, மீன் விற்று, பிற்பகல் இரண்டு மணிக்கு வீடு திரும்பும்போது பிள்ளைகள் பள்ளியிலும் கணவர் கடலிலும் இருப்பார்கள். அந்த அரை மணி நேரத்தைத் தனக்கென்று வைத்துக்கொண்டதாக, இரண்டாவது டியூப் வாங்க வந்த அன்று சொன்னார். கடையில் அப்போது இரண்டு ஆண்கள் நின்றிருந்தார்கள்.