பழைய அவுட்போர்டு என்ஜினில் கம்ப்ரஷன் திரும்பி வந்த கதை: இரண்டு வருட அனுபவம்

எங்கள் ஃபைபர் போட்டில் இருப்பது இரண்டு சிலிண்டர், 2 ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது போட்டின் பின்பக்கம் வெளியே மாட்டுகிற என்ஜின். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டுகிற வகை. நைனா வாங்கி 14 வருடம் ஆகிறது. பட்டினப்பாக்கத்தில் மணலில் இருந்து நேராக அலைக்குள் போட்டைத் தள்ளி, இரண்டு அலைக்கு நடுவே கயிற்றை இழுத்து என்ஜினைப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் போட்டு குறுக்கே திரும்பும், அடுத்த அலை கவிழ்த்துவிடும். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்துகிற பலம்) போன என்ஜினோடு அலை ஏற எனக்குத் துணிச்சல் கிடையாது.

இரண்டு வருடத்துக்கு முன் மார்ச்சில் ஒரு நாள் நைனா கயிற்றை இழுத்துவிட்டு, "லேசா வருதுடா, பிடிப்பே இல்ல" என்றார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். எங்கள் போட்டுகளுக்குத் தடை இல்லை, மீனுக்கு நல்ல விலை கிடைப்பதும் அப்போதுதான். அதற்குள் சரி செய்தாக வேண்டும். முதலில் பார்த்த மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக்கூடக் கழற்றாமல் ரீபோர், அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க வேண்டும் என்றார். அளந்து பார்க்காமல் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

பிளக் துளையில் மாட்டி அழுத்தத்தை அளக்க, 14 மில்லிமீட்டர் மரையுள்ள கம்ப்ரஷன் கேஜ் ஒன்று வாங்கினேன். இரண்டு பிளக்கையும் கழற்றி, ஒயர்களை எர்த் செய்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து, முள் ஏறி நிற்கும்வரை இரண்டு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில் கயிறு இழுக்க வேண்டும். மேல் சிலிண்டர் 92 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அளவு), கீழ் சிலிண்டர் 58. மண்ணெண்ணெய்க்கு ஆக்டேன் குறைவு, அழுத்தம் ஏறினால் தானாகவே தீப்பற்றி என்ஜின் தட்டும். அதனால் இந்த என்ஜின்களில் கம்ப்ரஷனையே சற்றுக் குறைத்துத்தான் வைத்திருப்பார்கள். 92-ஐப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. இரண்டுக்கும் நடுவே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

முதலில், உள்ளே படிந்த கார்பன் இளகட்டும் என்று சிலிண்டர்களை ஊறப்போட்டேன். என்ஜினின் அடிப்பக்கத்தைத் தூக்கிச் சாய்த்து வைத்தால் பிளக் துளைகள் வானத்தைப் பார்க்கும். இரண்டு பிஸ்டனும் பாதி வழியில் நிற்கும்படி ஃப்ளைவீலைத் திருப்பி வைத்தால் போர்ட்டுகள் (சிலிண்டர் சுவரில் உள்ள திறப்புகள்) மூடியிருக்கும், ஊற்றியது வழியாது. கார்பன் கிளீனரும் 2டி ஆயிலும் (2 ஸ்ட்ரோக் என்ஜினுக்கான ஆயில்) கலந்து ஊற்றி ஒரு ராத்திரி விட்டேன். காலையில் பிளக் போடுமுன் கயிற்றைப் பலமுறை இழுத்து உள்ளே இருப்பதை வெளியே தள்ளியே ஆக வேண்டும், இல்லையென்றால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டிரம் தண்ணீரில் ஓட்டியதும் கரும்புகை அரைமணி நேரம் வந்தது. மறுபடி அளந்தபோது 96, 74.

பெரிய செலவு இல்லாமல் இவ்வளவு வந்ததில் நைனாவுக்கு நிம்மதி. எனக்கு 74 போதவில்லை. கீழ் சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு அளந்தேன், முள் 90-க்குப் போனது. ஆயில் விட்டதும் ஏறுகிறது என்றால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் வழியாகத்தான் கசிகிறது. சரி, பிரித்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

பிரித்ததில் கண்டது: கீழ் பிஸ்டனில் இரண்டு ரிங்கும் கார்பனில் ஒட்டி அசையாமல் கிடந்தன. அந்த சிலிண்டரைச் சுற்றிய தண்ணீர் வழியில் உப்பு கல்லாக இறுகியிருந்தது. என்ஜினைக் குளிரவைக்கத் தண்ணீர் இறைக்கும் இம்பெல்லரின் ரப்பர் இதழ்கள் வளைந்தபடியே விறைத்துப் போயிருந்தன. பின்னால் பீச்சுகிற தண்ணீர் மெலிந்து பல மாதம் ஆகியிருந்தது, நாங்கள்தான் கவனிக்கவில்லை. சூடு ஏறியே ரிங் ஒட்டியிருக்கிறது. புதுப்பேட்டை லேத்தில் போரை (சிலிண்டரின் உள்விட்டத்தை) அளந்து, தேய்மானம் அளவுக்குள்தான் இருக்கிறது, ரீபோர் வேண்டாம் என்றார்கள்.

பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளத்துக் கார்பனைப் பழைய ரிங்கை உடைத்து அதன் முனையாலேயே சுரண்டினேன், அதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. போர் சுவரில் லேசாகக் குறுக்குக் கீறல் போட்டால்தான் புது ரிங் பதியும். 2 ஸ்ட்ரோக் ரிங் பள்ளத்தில் ஒரு சின்ன பின் இருக்கும். ரிங்கின் வாய் அதன்மேல் உட்கார வேண்டும். தவறினால் ரிங் போர்ட்டில் மாட்டி உடையும். சிலிண்டர் மூடிக்கு அடியில் வைக்கும் ஹெட் கேஸ்கட் புதிது போட்டு, நடு போல்டில் தொடங்கி வெளிப்பக்கமாக மூன்று தடவையில் இறுக்கினோம். ரிங், கேஸ்கட், இம்பெல்லர், லேத் கூலி எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய்க்குள் முடிந்தது. ஆயிலைக் கூட்டிக் கலந்து 10 மணி நேரம் மெதுவாக ஓட்டிய பிறகு 98, 97.

அதற்கப்புறம் பழக்கத்தை மாற்றினோம். முன்பு பிடித்த உடனே மண்ணெண்ணெய்க்குத் திருப்பிவிடுவோம். குளிர்ந்த என்ஜினில் அது சரியாக எரியாமல் கார்பனாகப் படியும். இப்போது நன்றாகச் சூடானபின்தான் மாற்றுகிறோம், நிறுத்துமுன் மறுபடி பெட்ரோலுக்கு வந்துவிடுகிறோம். கரைக்கு வந்ததும் டிரம்மில் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டுவேன். நைனா எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இதை விடுவதில்லை. இம்பெல்லர் வருடம் ஒன்று.

போன வாரம் அளந்தேன்: 95, 91. கீழ் சிலிண்டர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனாலும் 10 சதவீதத்துக்குள்தான். தடைக்காலம் தொடங்குமுன் இன்னொரு தடவை ஊறப்போடுவேன். கயிறு இப்போது நைனா கைக்குக் கனமாகத்தான் வருகிறது.