அறுவடை வண்டி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

நீடாமங்கலம் பக்கம் அறுவடை இயந்திரம் வாடகைக்கு விடுகிறேன். டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் வண்டி இரண்டு, டயர் வண்டி ஒன்று. சம்பா அறுப்பு தொடங்கிவிட்டால் நோட்டில் எழுதி மாளாது. அதனால் போன ஆவணியில் புக்கிங் சாஃப்ட்வேர் செய்யச் சொல்லி சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு 60,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். மொத்தம் 1 லட்சம். இன்னொருவர் இப்படி மாட்டக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

கம்பெனியிலிருந்து பேச வந்தவரைத் திண்ணையில் உட்காரவைத்து இரண்டு மணி நேரம் விளக்கினேன். எங்கள் பக்கம் நிலத்துக்கு மா கணக்குதான். 100 குழி ஒரு மா, ஏறக்குறைய 33 சென்ட், மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். வயலில் ஈரம் இருந்தால் பெல்ட் வண்டிதான் இறங்க வேண்டும், காய்ந்த வயலுக்கு டயர் போதும், வாடகையும் வேறு. எல்லாவற்றுக்கும் 'சரிங்க சார், பண்ணிடலாம்' என்றார். ஒரு வரிகூட எழுதிக்கொள்ளவில்லை. அப்புறம் ஆங்கிலத்தில் 14 பக்க ஒப்பந்தம் வந்தது. 'சும்மா ஃபார்மாலிட்டி சார்' என்றார்கள், கையெழுத்துப் போட்டேன்.

தையில் பயன்படுத்தத் தொடங்கினோம். 9 மா என்று பதிந்தால் 9 ஏக்கர் என்று எடுத்துக்கொண்டு, மூன்று மணி நேர வேலைக்கு நாள் முழுக்க வண்டியை ஒதுக்கியது. அதையாவது போன் போட்டுச் சமாளித்தோம். பெல்ட்டா டயரா என்று கேட்கும் இடமே அதில் இல்லை. எந்த வண்டி சும்மா இருக்கிறதோ அதை அனுப்பிவிடும். மழை விட்ட மூன்றாம் நாள் அப்படித்தான் டயர் வண்டி ஒரு வயலுக்குப் போனது. மேலே காய்ந்த மாதிரி தெரிந்ததால் டிரைவரும் இறக்கிவிட்டார். அச்சு வரை புதைந்துவிட்டது. ஜேசிபி வைத்து இழுப்பதற்குள் இருட்டிவிட்டது. சக்கரம் சுழன்ற இடமெல்லாம் கதிர் சேற்றோடு சேறாகக் கிடந்தது. வயல்காரர் வயதானவர். என்னைத் திட்டவில்லை, வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். நஷ்டத்துக்குப் பணம் கொடுத்துவிட்டேன், ஆனாலும் மனசு ஆறவில்லை.

கம்பெனியில் கேட்டால், பேச வந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். 'நீங்கள் கையெழுத்துப் போட்டதில் ஏக்கர் என்றுதானே இருக்கிறது, மாற்ற 35,000 ஆகும்' என்கிறார் இன்னொருவர். சண்டை போட்டுப் புரோகிராம் எழுதிய பையனின் நம்பரை வாங்கினேன். 'மா அப்படின்னா என்ன சார்? பெல்ட், டயர்னு என்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே' என்றான். அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நான் திண்ணையில் சொன்னது இரண்டு மூன்று பேர் கை மாறி அவனிடம் போய்ச் சேர்ந்தபோது 'வண்டி புக்கிங்' மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது.

செய்யக் கொடுப்பவர்கள் முன்பணத்துக்கு முன்னாலேயே, புரோகிராம் எழுதப்போகிற ஆளை ஒரு நாள் வயலுக்கு வரச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதை அவர் தன் வாயால் திருப்பிச் சொல்லட்டும். தமிழில் எழுதித் தராத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பதினைந்து நாளைக்கு ஒரு தரம், செய்தவரைக்கும் வாங்கி உங்கள் டிரைவர் கையில் கொடுத்துப் பாருங்கள். என் டிரைவரிடம் காட்டியிருந்தால் 'எந்த வண்டின்னு கேட்கலையே' என்று முதல் நாளே சொல்லியிருப்பார். பணத்தையும் வேலை முடிய முடியப் பிரித்துக் கொடுங்கள்.

மீதி 40,000 கேட்டு இன்னும் போன் வருகிறது. திருத்தித் தராமல் தர மாட்டேன் என்று எழுத்தில் அனுப்பியிருக்கிறேன். குறுவை அறுப்புக்குள் ஏதாவது முடிவு தெரிந்தால் இங்கேயே எழுதுகிறேன்.